வலது ஓரத்துப் பொட்டு

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்து வயதுக்கு முன்னால் எடுத்த உங்கள் படம் வீட்டில் எத்தனை இருக்கிறது? நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஒன்று என்பார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரை நடுவில் உட்கார வைத்து, வரிசையாக நிறுத்தி எடுத்தது. எனக்கு அதுவும் இல்லை. படம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் அப்பா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டார். அக்காவையும் அப்படித்தான், அவள் படித்த ஏழு வருஷமும்.

அப்பா பம்பாய் மாதுங்காவில், படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் வேலை பார்த்தார். தாராவியிலிருந்து நடந்தே போய் நடந்தே வருவார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் மரத்தூள் வாசனையும் வஜ்ரப் பசை வாசனையும் சேர்ந்து வரும். விரல் நுனியெல்லாம் கீறல். வைரமுனை வைத்த ஒரு கருவியால் கண்ணாடியில் ஒரு கோடு இழுப்பார். சீ... என்று பல் கூசுகிற சத்தம். பிறகு மேஜை விளிம்பில் வைத்து லேசாக ஒரு தட்டு. கோட்டோடு சரியாக விண்டு வரும். அந்தக் கருவி பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அதை எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கடைக்குச் சாமி படங்கள் வரும். முருகன், மகாலட்சுமி, கணபதி. மனிதர்கள் படம் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இறந்தவர்கள்தான். உயிரோடு இருக்கிறவர் படத்தை ஆல்பத்தில் ஒட்டுவார்கள், பெட்டிக்குள் வைப்பார்கள். கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவது ஆள் போன பிறகு. பதினாறாம் நாளைக்குள் வேண்டும் என்று சிவந்த கண்ணோடு வந்து நிற்பார்கள். கல்யாணப் படமும் வரும்தான். ஆனால் சில வருஷம் கழித்து அதே படத்தில் ஒருவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இதையே இருபது வருஷம் பார்த்த மனிதர் என்ன நினைப்பார்?

"எவன் படம் என் கைக்கு வருதோ, அவன் போயிட்டான்னு அர்த்தம்" என்பார் அப்பா. "என் பிள்ளைய படம் எடுக்க விடமாட்டேன். பேச்சு முடிஞ்சுது."

எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. எங்கள் வீடு ஒரே ஒரு கோலி, அறையை அங்கே அப்படித்தான் சொல்வோம். அடுப்பு ஒரு மூலை, சாமி படங்கள் ஒரு மூலை. நடுவில் நாங்கள் நாலு பேர். அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டால் கண் இழுத்துக்கொண்டு நிற்கும். "அழாதட்டி. தளரப் பின்னுனா பேன் குடியேறிடும்" என்று முதுகில் ஒன்று வைப்பாள். இடது புருவத்தில் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. சின்னப் பிள்ளையில் கடைக்குப் போனபோது கண்ணாடிச் சில்லு பட்டது. இதை எழுதும்போது இடதா வலதா என்று ஒரு கணம் நின்று யோசித்தேன். இடதுதான்.

அந்தக் கார்த்திகையில் அத்தை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, விக்ரோலியில் இருந்தாள். மாப்பிள்ளை நம்ம சொந்த ஊர்ப் பக்கத்து ஆள்தான், கடலூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கடுதாசி வந்தது. எல்லாம் பிடித்திருக்கிறது, பெண்ணின் போட்டோ ஒன்று அனுப்பவும் என்று.

"ஒரு போட்டோதானண்ணே" என்றாள் அத்தை. "தாதர்ல பத்து நிமிஷத்துல எடுத்துத் தாரான்."

"முடியாது."

"அவங்க பாக்காண்டாமா?"

"நேர்ல பாக்கட்டும். நீ கூட்டிட்டுப் போ. ஒங்க வீட்டுக்காரரு சொந்தம் அங்கன இருக்குல்லா, அவங்க வீட்டுல தங்கு. கோயில்ல வச்சுக் காட்டிட்டு வா."

அத்தை வாயில் கை வைத்தாள். "பொண்ண மாப்பிள்ள ஊருக்குக் கொண்டு போய்க் காட்டவா? ஊரு சிரிக்காதா?"

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ஒங்க அண்ணனுக்குக் கிறுக்கு முத்திட்டு. தாள அனுப்பச் சொன்னா ஆள அனுப்புறாவ."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

அக்காவுக்குச் சந்தோஷம். தூர ரயில் ஏறாதவள். பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி. கிளம்பும்போது அவளுடைய சிவப்பு ரிப்பனைத் தகரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் வாரதுக்குள்ள இதத் தொட்டேன்னு வையி, கைய ஒடிச்சிருவேன்."

"நீ கல்யாணமாகிப் போயிருவல்லா. அப்ப எனக்குத்தான."

"அப்ப பாப்போம். கடல் சிப்பி கொண்டாறேன். இப்ப பல்லக் காட்டாத."

அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் புயல். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வருஷம் கடலூர்ப் பக்கம் கரையேறியது. ராத்திரி முழுக்க அடித்து, தங்கியிருந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. காலை வெளிச்சம் வந்ததும் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று கயிறு பிடித்து ஓடையைக் கடந்திருக்கிறார்கள். அத்தை முன்னால், அக்கா பின்னால். அத்தை கரையேறித் திரும்பிப் பார்த்தபோது கயிற்றில் அக்கா இல்லை.

தந்தி வர மூன்று நாள் ஆனது. அப்பா அன்றைக்கே ரயில் ஏறினார். இரண்டு வாரம் அங்கே தேடினார். ஆஸ்பத்திரி, முகாம், போலீஸ் ஸ்டேஷன், ஒன்று விடவில்லை. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். போட்டோ இருக்கா?

"பதினெட்டு வயசு. பச்சப் பாவாட. இடது புருவத்துல தழும்பு" என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் பாவம், நல்ல மனிதர் போல. "பெரியவரே, இப்படி வாயால சொல்லிட்டுப் போனவங்க நிறையப் பேரு. நாங்க யாருன்னு தேட? ஒரு படம் இருந்தா நாலு ஊருக்கு அனுப்பலாம்" என்றிருக்கிறார். இதை அத்தை பிறகு சொன்னாள். அப்பா சொல்லவில்லை. திரும்பி வந்த அன்று செருப்பைக் கழற்றாமல் கோலி நடுவில் நின்றார். அம்மா அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

தை மாதம். எனக்குக் காலை ஷிப்டு பள்ளிக்கூடம். மத்தியானம் நானே வடித்த சோற்றைத் தூக்குச்சட்டியில் அப்பாவுக்குக் கொண்டுபோவேன். அப்போதுதான் கடைக்கு அந்த அதிகாரி வந்தார். அணுசக்தி நகரில் பெரிய வேலையில் இருந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். சுருட்டிய காகிதத்திலிருந்து மூன்று படங்களை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் ஆணி டப்பாக்களை வைத்தார். ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக மாட்ட வேண்டுமாம்.

முதல் படம் கறுப்பு வெள்ளை. புகை மாதிரி, புள்ளி புள்ளியாக. ஓரத்தில் ஒரு வளைவு.

"இதுதான் ஆரம்பம், பாருங்கோ" என்றார் அதிகாரி. "சண்டையில ஜெர்மன்காரன்கிட்டேர்ந்து பிடிச்ச ராக்கெட்டு. அதுல கேமராவக் கட்டி மேல விட்டான் அமெரிக்காக்காரன். அது அப்படியே தலைகீழா வந்து விழுந்து கேமரா தூள் தூளாப் போயிடுத்து. பிலிம் மட்டும் உருக்கு டப்பால இருந்ததால பிழைச்சது."

"கேமரா போயிட்டு, படம் இருக்கு" என்றார் அப்பா மெதுவாக.

"அதே. இது ரெண்டாவது. நிலாவைச் சுத்தப் போனவா எடுத்தது. கீழ நிலா, மேல பாதி பூமி. இது மூணாவது, இப்போ வந்தது. முழுசா. சூரியன் முதுகுப் பக்கம் இருந்ததால நிழலே விழல."

நான் எட்டிப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் நீலமாக, வெள்ளை வெள்ளையாக ஒரு உருண்டை. அவ்வளவு அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாமி படத்தைப் பார்த்ததும் கை தானாகக் குவியுமே, அப்படிக் குவிந்தது. அதிகாரி சிரித்துவிட்டார்.

"கும்பிடறியா? கும்பிடு. இதுல எல்லாரும் இருக்கோம். உங்கப்பா இருக்கார், நான் இருக்கேன், நீயும் இருக்கே. அன்னிக்கு எல்லாரையும் ஒரே க்ளிக்ல எடுத்துட்டான்."

அப்பா நிமிர்ந்தார். "என்னைக்கு சார்?"

"டிசம்பர் ஏழு. நமக்கு சாயங்காலம் நாலு மணி சுமார்."

அப்பா என்னைப் பார்த்து, "ஏ பிள்ள, சாருக்கு ஒரு கட்டிங் சாய் சொல்லிட்டு வா" என்றார். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது அதிகாரி குனிந்து, பென்சிலின் பின்முனையால் அந்தப் படத்தின் வலது ஓரத்தில், மேலே, ஏதோ ஒரு இடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையில் கண்ணாடி அறுக்கும் கருவி. கை மேஜைக்கு மேல் அப்படியே நின்றிருந்தது. முகம் எண்ணெய் வற்றின விளக்கு மாதிரி இருந்தது. பசி என்று நினைத்தேன். தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தேன். அவர் சாப்பிடவில்லை.

டீயைக் குடித்துவிட்டு அதிகாரி கிளம்பும்போது அப்பா கேட்டார்: "சார், இதேமாரி எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர் அவர். அதிகாரிக்கு ஆச்சரியம். "உமக்கு எதுக்குய்யா?"

"என் பிள்ள படம் எங்கிட்ட இல்ல சார்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் நல்ல மனிதர். அடுத்த மாதம் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா அதைத் தன் கையால் கண்ணாடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். அம்மா அத்தனை நாளும் எழுந்து உட்காராதவள், எழுந்து வந்து பார்த்தாள்.

"என்னது இது?"

"பூமி. எல்லாரும் இதுல இருக்காங்க."

"நம்ம பிள்ளையுமா?"

அப்பா ஆணியை இன்னொரு தட்டுத் தட்டினார்.

"எப்ப எடுத்ததாம்?"

"ஏழாம் தேதி. சாயங்காலம்."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். எனக்கு இப்போதும் அந்த விரல்கள் தெரிகின்றன. "அப்ப புயலுக்கு அப்புறம்" என்றாள். "புயலுக்கு அப்புறம் எடுத்த படத்துல அவ இருக்கான்னா, உசுரோட இருக்கான்னுதான அர்த்தம்? ஏங்க? சொல்லுங்க."

அப்பா குங்குமச் சிமிழை எடுத்தார். சந்தனம் தொட்டு அதன்மேல் குங்குமம் வைத்து, கண்ணாடியில், வலது ஓரத்தில் மேலே ஒரு பொட்டு வைத்தார். நகக்கண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக. "நம்ம நாடு இங்கனதான் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பாதான் அதைத் துடைப்பார். எங்களைத் தொட விடமாட்டார். "கண்ணாடி உடையும். கைய வெட்டும்." அம்மா குளிக்கப் போயிருக்கும்போது துடைத்து, அவள் வருவதற்குள் பொட்டு வைத்திருப்பார். அம்மா வந்து அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். முருகா, என் பிள்ளைய இந்த இடத்துலயே வச்சுக் காப்பாத்து என்பாள்.

கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் கன்னியாக வைத்துக் கும்பிடுவோம். ஒரு சின்ன ஓலைப் பெட்டியில் புதுப் பாவாடை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து வருஷா வருஷம் படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆத்மா துணியில்லாமல் அலையும் என்பார்கள். வருஷம் திரும்பியதும் அத்தை ஒரு பெட்டியோடு வந்தாள். அத்தையின் கை அதற்குள் பாதியாக மெலிந்திருந்தது.

"மதினி, கும்பிட்டிருவோம். பிள்ள அலையுதா."

"எவ அலையுதா? அவ படத்துல இருக்கா. ஒன் கண்ணு அவிஞ்சு போச்சா? கயித்த விட்டவதான நீ."

அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு எங்கள் வாசலை அவள் மிதிக்கவில்லை. அப்பா தங்கையைத் தடுக்கவுமில்லை, மனைவியை அதட்டவுமில்லை. ஏதோ ஒரு பொய்க்குக் கட்டுப்பட்டவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வயது வந்தது. பாண்டுப்பிலிருந்து ஒரு வரன், தாராவியிலேயே ஒன்று. அம்மா யாரையும் உட்காரச் சொல்லவில்லை. "மூத்தவ இருக்கும்போது இளையவளுக்கா? அவ வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல?" நான் அழுதிருக்கிறேன். ஒருநாள் கோபத்தில், "அவ செத்துட்டாம்மா" என்று கத்தினேன். அம்மா என்னை அடிக்கவில்லை. சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள், அவ்வளவுதான். படத்தை நான் வெறுத்தேன், சாமி மன்னிக்கட்டும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பா போனார். கடைசி வெள்ளிக்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டு, "பொட்ட நீ வையி. அதே எடத்துல வையி. தள்ளி வச்சிராத" என்றார். வைத்தேன். அம்மா அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தாள். கடைசி வரை ஒற்றிக்கொண்டாள். அவள் போன பிறகுதான் எனக்குக் கல்யாணம். முப்பது வயதில், இரண்டாம் தாரமாக, செம்பூருக்கு வந்தேன். நல்லவர். அவரும் போய்விட்டார். மகள் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இதை எழுதினாலும் அவள் படிக்கப் போவதில்லை. படம் என்னோடு வந்தது. பொட்டு வைப்பதையும் நான் விடவில்லை. பழக்கம். அப்பா சொன்னது.

போன மாதம் மகள் போனை நீட்டினாள்.

"அம்மா, நம்ம வீட்டுல இருக்கே எர்த் போட்டோ, அதுல ஒரு சைக்ளோன் இருக்காம், தெரியுமா? தமிழ்நாட்டுல அடிச்சுதாம் அப்போ. இங்க பாரு, ரைட் சைடுல, மேல. இந்தச் சுழி."

அவள் விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். வெள்ளையாக, மாவு கரைத்த தண்ணீரில் விரல் விட்டுச் சுற்றினது போல ஒரு சுழி.

அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். பிறகு ஈரத்துணி எடுத்துக்கொண்டு போய்ப் படத்தைத் துடைத்தேன். நான் எப்போதும் பொட்டை மட்டும் பார்த்துத் துடைத்துப் பொட்டை மட்டும் பார்த்து வைத்தவள், அதற்குக் கீழே என்ன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அங்கேதான் இருந்தது. அந்த அதிகாரியின் பென்சில் சுற்றிச் சுற்றிக் காட்டிய அதே இடம். அப்பாவின் கை மேஜைக்கு மேல் ஏன் நின்றது என்று எனக்கு ஐம்பது வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது. அவர் கேட்ட படத்தில் பிள்ளையும் இருந்தாள், பிள்ளையை எடுத்ததும் இருந்தது. அதை அம்மா பார்க்கக் கூடாது என்று அவர் குங்குமத்தால் மூடினார். அம்மா பத்தொன்பது வருஷம் அந்தப் புயலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதனிடமே வேண்டிக்கொண்டாள். இருந்தவரை அப்பா பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தது சரியா தப்பா என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. முருகனிடம் கேட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். அந்தப் படம் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நான் தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், அக்காவின் சிவப்பு ரிப்பனைத் திருடிக் கட்டிக்கொண்டு. தந்தி இன்னும் வரவில்லை. அம்மா அரிசி களைந்திருப்பாள். அப்பா கண்ணாடி அறுத்திருப்பார். அந்தப் படத்தில் நாங்கள் இன்னும் ஒன்றும் தெரியாதவர்களாகவே இருக்கிறோம்.

கன்னி கும்பிடாமல் விட்டது மனதை அறுத்தது. அத்தையும் இல்லை, முறை சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவரை செய்வோம் என்று தாராவிக்குப் போனேன். ஓலைப் பெட்டி கிடைத்தது. வளையல், சீப்பு, சிவப்பு ரிப்பன் வாங்கினேன். துணிக்கடையில் பச்சைப் பாவாடை கேட்டேன். கடையில் நின்ற பெண் கலகலப்பானவள், வயதானவர்களை எல்லாம் இந்த ஊர் வழக்கப்படி மாசி என்கிறவள்.

"பேத்திக்கா மாசி? என்ன வயசு?"

"பதினெட்டு."

"எம்புட்டு ஒசரம் இருப்பா?"

கையைத் தூக்கினேன். எனக்கு அப்போது பத்து வயது. நான் அவளை அண்ணாந்துதான் பார்த்தேன். கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. மேலே கொண்டுபோனேன், கீழே இறக்கினேன். முகத்தை நினைக்கப் பார்த்தேன். தழும்புதான் வந்தது. அதைச் சுற்றி முகம் வரவில்லை.

அந்தப் பெண் சிரித்தாள். "சரி விடுங்க. மொபைல்ல போட்டோ இருக்கும்லா? காட்டுங்க, பாத்து நான் அளவு சொல்லுதேன்."

பையிலிருந்து போனை எடுத்தேன். மகள் அனுப்பிய படம் திறந்தபடியே இருந்தது. கறுப்புக்கு நடுவில் அந்த நீல உருண்டை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மூடி உள்ளே வைத்துவிட்டு, "ஏதோ ஒரு அளவுல குடும்மா" என்றேன்.